ஒரே நாற்காலியில் எத்தனை அதிகாரம்? இலங்கையின் அதிபர் ஆட்சிமுறை சொல்லும் பாடம்

2020 பிப்ரவரிக்கும் 2022 நவம்பருக்கும் இடையில், மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை, மலேசியா நான்கு பிரதமர்களைப் பார்த்துவிட்டது. துன் மகாதீர் பதவி விலகினார். டான்ஸ்ரீ முஹிடின் யாசின் வந்தார், போனார். டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி வந்தார். 15ஆவது பொதுத்தேர்தலுக்குப் பின் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பொறுப்பேற்றார். நடுவில் வந்த இருவரும் பொதுத்தேர்தல் நடக்காமலேயே பிரதமர் ஆனவர்கள்.

அப்போது இடைநிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் வயதினர் பலருக்கு அரசியல் என்றாலே ஒரு சலிப்பு வந்துவிட்டது. இன்று பல்கலைக்கழகத்தில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "எதற்கு இந்தத் தவளைப் பாய்ச்சல் எல்லாம்? மக்களே நேராக ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஐந்து ஆண்டுக்கு அசைக்க முடியாமல் உட்கார வைத்துவிட்டால் என்ன?"

நியாயமான கேள்விதான். இதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. தமிழர்கள் கணிசமாக வாழும் ஒரு நாடு 1978 முதல் அப்படித்தான் ஆளப்படுகிறது. அந்த நாட்டின் அதிபர் ஒருவர் 2022 ஜூலையில் தப்பி வந்து, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இருந்தபடி மின்னஞ்சலில் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். இலங்கையைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஒரு பதவி, மூன்று தமிழ்ச் சொற்கள்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். இந்தியாவில் 'குடியரசுத் தலைவர்' என்பார்கள். அவர் நாட்டின் தலைவர். ஆனால் ஆட்சியை நடத்துபவர் பிரதமர். இலங்கையில் 'ஜனாதிபதி' என்பார்கள். அவர் நாட்டின் தலைவர் மட்டுமல்லர், ஆட்சியின் தலைவரும் அவரே. மலேசிய, சிங்கப்பூர் நாளிதழ்களில் நாம் 'அதிபர்' என்று எழுதுகிறோம். அமெரிக்க அதிபரும் அதிபர்தான், சிங்கப்பூர் அதிபரும் அதிபர்தான். ஆனால் இருவரின் அதிகாரமும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். (இலங்கைத் தமிழரிடம் 'அதிபர்' என்றால் பள்ளித் தலைமையாசிரியரைத்தான் நினைப்பார்கள். பேசும்போது கவனம்!)

ஆகவே பெயரை வைத்து ஒரு பதவியை எடை போட முடியாது. எந்த நாட்டின் ஆட்சிமுறையைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இவரை யார் அமர்த்துகிறார்கள்? இவர் தவறு செய்தால் யார் தடுப்பார்கள்? பதவிக்காலம் முடியும் முன்பே இவரை அனுப்ப முடியுமா? எஸ்.டி.பி.எம். பொதுப் பாடத்துக்குப் படிப்பவர்களுக்கும் இந்த மூன்றும் கைகொடுக்கும்.

1978இல் பிறந்த பதவி

1948இல் விடுதலை பெற்றபோது இலங்கையின் ஆட்சிமுறை ஏறத்தாழ நம்முடையதைப் போலவே இருந்தது. நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர் பிரதமர். 1972இல் நாடு குடியரசானது. அப்போதும் வில்லியம் கோபல்லாவ என்ற ஜனாதிபதி சடங்குத் தலைவராகவே இருந்தார்; ஆட்சி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கையில் இருந்தது.

1977 தேர்தல் எல்லாவற்றையும் மாற்றியது. ஜே.ஆர். ஜெயவர்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி, பதிவான வாக்குகளில் பாதியைச் சற்றே தாண்டியது. ஆனால் 168 இடங்களில் 140ஐப் பிடித்தது. சிறிமாவோவின் கட்சிக்கு 8 இடங்கள்தான். 18 இடங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

வலுவான, நிலையான நிருவாகம் வேண்டும், நாடாளுமன்றத்தின் அன்றாட நெருக்கடிக்கு அது ஆளாகக்கூடாது என்று ஜெயவர்தனா 1966 முதலே பேசி வந்தவர். இப்போது அவர் கையில் ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மை இருந்தது. அரசியலமைப்பைத் திருத்தி, 1978 பிப்ரவரி 4ஆம் நாள் அவரே நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதவியில் உட்கார மக்கள் நேரடியாக அவருக்கு வாக்களித்தது 1982இல்தான்.

நிலைத்தன்மை வேண்டும் என்ற காரணம் தவறானது அல்ல. இன்று என் நண்பர்கள் சொல்வதும் அதே காரணம்தான். ஆனால் அந்த நிலைத்தன்மை எப்படிப் பயன்பட்டது என்று பாருங்கள். 1982இல் தம் கட்சி உறுப்பினர்களிடம் தேதியிடாத பதவி விலகல் கடிதங்களை ஜெயவர்தனா வாங்கி வைத்துக்கொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் பொதுத்தேர்தல் நடத்துவதற்குப் பதிலாகப் பொதுவாக்கெடுப்பு நடத்தி, 1977இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு ஆண்டு நீட்டித்தார். 1983 இனக்கலவரத்தை அடுத்து வந்த ஆறாவது திருத்தம், பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று உறுப்பினர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அதை ஏற்காத தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தங்கள் இடங்களை இழந்தார்கள். நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரே நாடாளுமன்றத்துக்கு வெளியே போனார்.

ஆட்சி எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது?

ஜனாதிபதியை நாடு முழுவதும் ஒரே தொகுதியாக நின்று மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்காளர் மூன்று பேர் வரை வரிசைப்படுத்தலாம். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் அடுத்த விருப்பங்களை எண்ணுவார்கள். 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. 42 விழுக்காட்டு வாக்குகளோடு முன்னணியில் இருந்த அனுர குமார திசாநாயக்க அதில் வென்றார். பதவிக்காலம் முதலில் ஆறு ஆண்டு, இப்போது ஐந்து.

அவரே நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி. அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. பிரதமர் உண்டு, ஆனால் அவரை அமர்த்துபவர் ஜனாதிபதி. அமைச்சுகளைத் தம் கையிலும் வைத்துக்கொள்ளலாம். திசாநாயக்க பாதுகாப்பையும் நிதியையும் தாமே வைத்திருக்கிறார்.

நாடாளுமன்றத்தில் 225 பேர். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், 29 பேர் கட்சிகளின் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். சட்டம் இயற்றுவதும் பணம் ஒதுக்குவதும் இவர்கள் வேலை. ஜனாதிபதி இந்த அவையின் உறுப்பினர் அல்லர். நம் பிரதமர் மக்களவையில் எதிர்க்கட்சியினரின் கேள்விகளுக்கு எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்தக் கட்டாயம் அங்கே அரசாங்கத்தின் தலைவருக்கு இல்லை.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பதவிநீக்கத் தீர்மானம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற வேண்டும். பிறகு உச்ச நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் உண்டு என்று சொல்ல வேண்டும். அதன்பின் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். 1991இல் பிரேமதாசாவுக்கு எதிராக முயன்று பார்த்தார்கள், தோற்றது. இந்த வழியில் இதுவரை ஒரு ஜனாதிபதியும் பதவி இழந்ததில்லை.

நம் ஊரோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். பாகோ நாடாளுமன்ற உறுப்பினரான முஹிடின் யாசின், கூட்டணிக் கட்சி உறுப்பினர்கள் சிலர் ஆதரவை விலக்கியதால் பெரும்பான்மை இழந்து 2021 ஆகஸ்டு 16ஆம் நாள் பதவி விலகினார். ஐந்து நாளில் அடுத்தவர் பதவியேற்றார். யாரும் மாளிகைக்குள் நுழையவில்லை.

உரத் தடை: எதிர்த்துச் சொல்ல ஆளில்லை

2019இல் கோத்தபய ராஜபக்ச 52 விழுக்காட்டு வாக்குகளோடு ஜனாதிபதியானார். அண்ணன் மகிந்த பிரதமர். பின்னர் தம்பி பசில் நிதியமைச்சர். 2020 பொதுத்தேர்தலில் அவர்கள் கட்சிக்கு மட்டும் 145 இடங்கள். கூட்டாளிகளைச் சேர்த்தால் மூன்றில் இரண்டு பங்கு.

இயற்கை வேளாண்மைக்குப் பத்து ஆண்டுகளில் மாறுவோம் என்பது அவருடைய தேர்தல் வாக்குறுதி. 2021 ஏப்ரல், மே மாதங்களில் அந்தப் பத்து ஆண்டு ஒரே பாய்ச்சலாகச் சுருங்கியது. இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள், வேளாண் அறிஞர்கள் எச்சரித்தார்கள். நவம்பரில் அரசு பின்வாங்குவதற்குள் நெல் விளைச்சலும் தேயிலையும் அடி வாங்கியிருந்தன. அந்தத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் மலையகத் தமிழர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இலங்கையின் பொருளாதாரச் சரிவுக்கு உரம் மட்டுமே காரணம் அல்ல. வரிக் குறைப்பு, வெளிநாட்டுக் கடன், கோவிட் காலத்தில் முடங்கிய சுற்றுலா எல்லாம் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில், விடுதலைக்குப் பின் முதன்முறையாக, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. ஆனால் உரத் தடை ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. தவறான முடிவு எந்த ஆட்சியிலும் வரும். "ஐயா, இது வேண்டாம்" என்று சொல்லித் தடுக்கக்கூடிய இடத்தில் யாரும் இல்லாதபோதுதான் அது பேரிழப்பாகிறது.

பூட்டுவதும் திறப்பதுமாக

இந்தப் பதவிக்குக் கடிவாளம் போட இலங்கையர் முயலவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2001இல் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவை என்ற அமைப்பை உருவாக்கி, நீதிபதிகள் முதலிய முக்கிய நியமனங்களில் ஜனாதிபதியின் தனி விருப்பத்துக்கு வரம்பு போட்டது. 2010இல் மகிந்த ராஜபக்ச காலத்து 18ஆவது திருத்தம் அந்த வரம்பை அகற்றியதோடு, இரண்டு தவணைக்கு மேல் போட்டியிடக்கூடாது என்ற விதியையும் நீக்கியது. 2015இல் 19ஆவது திருத்தம் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தது. 2020இல் கோத்தபய காலத்து 20ஆவது திருத்தம் பூட்டை மறுபடியும் தளர்த்தியது. 2022 அக்டோபரில் 21ஆவது திருத்தம் மீண்டும் இறுக்கியது.

21 ஆண்டுகளில் ஐந்து முறை! வலுவான பெரும்பான்மையோடு வருகிறவர் தமக்கு வேண்டிய அளவுக்கு நாற்காலியை உயர்த்திக்கொள்கிறார். அடுத்து வருகிறவர் அதைத் தாழ்த்துகிறார்.

பூட்டு சரியாக இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 2018 அக்டோபர் 26 இரவு, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைத் திடீரென நீக்கி மகிந்தவை அமர்த்தினார். நவம்பர் 9ஆம் நாள் நாடாளுமன்றத்தையே கலைத்தார். ஆனால் நான்கரை ஆண்டு முடியும் முன் கலைக்கக்கூடாது என்று 19ஆவது திருத்தம் சொல்லியிருந்தது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் உட்படப் பலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பர் 13ஆம் நாள் ஏழு நீதிபதிகளும் ஒருமித்து, கலைத்தது செல்லாது என்றார்கள். ரணில் மூன்று நாளில் மீண்டும் பிரதமரானார். அந்தத் தீர்ப்பு சம்பந்தனின் பெயரிலேயே சட்ட வரலாற்றில் நிற்கிறது. அதே சட்டத்தால் 35 ஆண்டுக்கு முன் நாடாளுமன்றத்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட தமிழ் அரசியலின் தொடர்ச்சி ஒன்று, இந்த முறை அந்த நாடாளுமன்றத்தையே காப்பாற்றியது.

2022இல் அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் எரிபொருளும் சமையல் எரிவாயுவும் இல்லாமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். பிரதமர் மகிந்த மே 9இல் விலகினார், ஜனாதிபதி அசையவில்லை. ஜூலை 9ஆம் நாள் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோத்தபய மாலத்தீவுக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போய், ஜூலை 14ஆம் நாள் பதவி விலகினார். மீதிக் காலத்துக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சட்டப்படி நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஜூலை 20ஆம் நாள் 134 வாக்குகளோடு வென்றவர் ரணில். அப்போது அவருடைய கட்சிக்கு நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே உறுப்பினர் அவர்தான், அதுவும் தேசியப் பட்டியல் வழியாக வந்தவர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த முறையின் சிறப்பு என்பார்கள். அந்தச் சிறப்பும் நெருக்கடியில் நிலைக்கவில்லை.

தமிழருக்கு இதில் என்ன?

ஒரு வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஜனாதிபதி தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி என்பதால் சிறுபான்மையினரின் ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்பு உண்டு என்று சொல்வோர் இருக்கிறார்கள். 2005இல் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் வடக்கில் வாக்குப்பதிவு மிகக் குறைந்தது. மகிந்த ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2015இல் வடக்கும் கிழக்கும் பெருவாரியாகச் சிறிசேனவுக்கு வாக்களித்தன. அவர் ஏறத்தாழ 4 இலட்சத்து 50 ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் மகிந்தவைத் தோற்கடித்தார். ஆகவே இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் 2019இல் அந்த வாக்குகள் இல்லாமலேயே கோத்தபய வென்று காட்டினார்.

தேர்தல் நாளை விட, மற்ற நாள்களில் இந்தப் பதவியின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதே முக்கியம். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் செய்த உடன்பாட்டைத் தொடர்ந்து 13ஆவது திருத்தம் வந்தது. மாகாண சபைகள் பிறந்தன. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடக்க 2013 செப்டம்பர் வரை ஆனது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐப் பெற்றது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார்.

ஆனால் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் சட்டப்படி ஆளுநரிடம் இருக்கிறது. ஆளுநரை அமர்த்துபவர் ஜனாதிபதி. அன்றைய வடக்கு ஆளுநர் ஜி.ஏ. சந்திரசிறி, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் ஒரு பக்கம், கொழும்பிலிருந்து ஒருவர் கையெழுத்தால் வந்த ஆளுநர் மறு பக்கம். 2018 அக்டோபரில் அந்தச் சபையின் காலம் முடிந்தது. உடனே நடந்திருக்க வேண்டிய தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய், நிருவாகம் ஆளுநரிடமே தங்கிவிட்டது.

ஜொகூரை நினைத்துப் பாருங்கள். நம் மந்திரி பெசார், 56 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றவர். அவரை நியமிப்பவர் ஜொகூர் சுல்தான். புத்ராஜெயாவில் யார் பிரதமராக இருந்தாலும், ஒரு கையெழுத்தில் ஜொகூருக்கு ஆட்சித் தலைவரை அனுப்ப முடியாது. நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைத்தான் யாழ்ப்பாணத்தவர் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர்த்திசையில் போன கிர்கிஸ்தான்

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையா? மத்திய ஆசியாவில் 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ஐந்து குடியரசுகள் தனி நாடுகளாயின. கஜகஸ்தானில் நஜர்பாயெவ் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஆண்டார். 2019இல் அவர் விலகியதும் தலைநகருக்கே அவர் பெயரை வைத்தார்கள், 2022இல் எடுத்துவிட்டார்கள். தஜிகிஸ்தானில் ரஹ்மோன் 1990களிலிருந்து தொடர்கிறார். துர்க்மெனிஸ்தானில் 2022இல் அப்பாவின் நாற்காலி மகனுக்குப் போனது.

இவற்றில் கிர்கிஸ்தான் சற்று மாறுபட்டது. 2005இலும் 2010இலும் மக்கள் எழுச்சி இரண்டு அதிபர்களை விரட்டியது. எல்லாச் சிக்கலும் அந்த ஒற்றை நாற்காலியால்தான் என்று 2010இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்ற முறைக்கு மாறினார்கள். 120 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் ஒரு கட்சிக்கு 65 இடத்துக்கு மேல் கிடையாது என்று விதி செய்தார்கள். அதிபருக்கு ஆறு ஆண்டு, ஒரே தவணை.

பத்து ஆண்டு கழிந்தது. கூட்டணிகள் கவிழ்ந்தன, பிரதமர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், மக்கள் சலித்துப் போனார்கள். 2020 அக்டோபரில் தேர்தல் முடிவை எதிர்த்துக் கலகம் மூண்டது. சிறையிலிருந்து ஆதரவாளர்களால் விடுவிக்கப்பட்ட சதிர் ஜபாரோவ் சில நாள்களில் பிரதமரும் தற்காலிக அதிபரும் ஆனார். 2021 ஜனவரியில் அதிபர் தேர்தல், ஏப்ரலில் அரசியலமைப்பு வாக்கெடுப்பு. நாடு மீண்டும் அதிபர் ஆட்சிக்குத் திரும்பியது. நாடாளுமன்றம் 120லிருந்து 90 இடமாகச் சுருங்கியது, அதிபரே அரசாங்கத்தை வழிநடத்துபவரானார், இரண்டு தவணை ஆளலாம் என்றும் ஆனது. அந்த இரு வாக்கெடுப்பிலும் வாக்காளரில் பாதிப்பேர்கூடப் பங்கேற்கவில்லை.

நாடாளுமன்ற முறையிலும் குழப்பம் உண்டு என்பதற்குக் கிர்கிஸ்தான் சான்று. ஆனால் அந்தச் சலிப்பில் மக்கள் கைவிட்டது வெறும் குழப்பத்தை மட்டும் அல்ல. ஆட்சியாளரைக் கேள்வி கேட்கும் மன்றத்தின் வலுவையும் சேர்த்துத்தான்.

நம் முன்னே உள்ள தேர்வு

நம் முறை குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. 2021 ஜனவரி முதல் ஆகஸ்டு வரை அவசரநிலை நடப்பில் இருந்தது. நாடாளுமன்றம் மாதக்கணக்கில் கூடவில்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 2022 அக்டோபரில்தான் வந்தது. பிரதமரிடமும் பல நியமனங்கள் குவிந்திருக்கின்றன. ஆனால் கவனியுங்கள்: கட்சித் தாவல் சிக்கலுக்குத் தீர்வாக, ஓட்டையை அடைக்க ஒரு சட்டம் கொண்டு வந்தோம். அதற்காக மொத்த அதிகாரத்தையும் ஒருவரிடம் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

இலங்கையில் இந்தப் பதவியையே ஒழிப்போம் என்று 1994இல் சந்திரிகா சொன்னார், 2015இல் சிறிசேன சொன்னார், 2024இல் திசாநாயக்கவும் சொன்னார். முதல் இருவரும் செய்யவில்லை. திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பர் தேர்தலில் 225இல் 159 இடங்களைப் பிடித்தது; யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று இடங்கள். நாடாளுமன்றத்தில் தேவையான மூன்றில் இரண்டு பங்கு அவர்களிடம் இருக்கிறது; அதன்பின் மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். எதிர்க்கட்சியில் இருந்தபோது ஆபத்தாகத் தெரிந்த நாற்காலி, அதில் உட்கார்ந்த பின் வசதியாகத் தெரிகிறதா என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

18 வயது இளையோர் வாக்களித்த முதல் மாநிலத் தேர்தல் 2022 மார்ச் 12ஆம் நாள் நம் ஜொகூரில்தான் நடந்தது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் அடுத்த தேர்தலில் வாக்களிக்கப் போகிறவர்கள். "வலுவான தலைவர் வேண்டும்" என்று யாராவது மேடையில் சொல்லும்போது கைதட்டலாம், தவறில்லை. கைதட்டிவிட்டு, அந்தத் தலைவர் தவறு செய்தால் அவரைத் தடுக்கப்போவது யார் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அதற்குப் பெயரும் சட்டப் பிரிவும் சொல்லிப் பதில் தர முடியாதவருக்கு வாக்களிக்கும் முன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள்.